3200 என்று எழுதிய ரேம் 2133-இல் ஓடிய கதை

அக்கா பையன் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறான். அவனிடம் இருப்பது ரைசன் 5 5600ஜி புராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஒரு கடையில் மொத்தமாக அசெம்பிள் செய்து வாங்கியது. "மாமா, டைம்லைன்ல இழுத்தா அப்படியே நின்னுடுது. எக்ஸ்போர்ட் போட்டா பாதியில சாஃப்ட்வேரே மூடிக்குது. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிடலாமா?" என்று கேட்டான். "அவசரப்படாதடா, கேபினட்டைத் தூக்கிட்டு வா, பார்ப்போம்" என்றேன்.

5600ஜி 2021-இல் வந்த புராசசர். 6 கோர், உள்ளேயே வேகா கிராஃபிக்ஸ். தனி கார்டு என்றால் அதன் மேலேயே அதற்கென்று மெமரி சிப்கள் ஒட்டப்பட்டிருக்கும். இதில் அந்த வசதி இல்லை. புராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே ரேமிலிருந்துதான் எடுத்துப் புழங்க வேண்டும். அதனால் மற்ற கணினிகளில் ரேம் செட்டிங்கைத் தொட்டால் ஏதோ கொஞ்சம் கிடைக்கும் என்றால், இந்த மாதிரிக் கணினியில் அதுதான் பாதி கதை. கார்டு வாங்கும் பேச்சுக்கு முன்னால் ரேம் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தது அதனால்தான்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினேன். நிறையப் பேர் அங்கே மேலே ஓடும் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். விஷயமெல்லாம் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. ஸ்பீடு 2133. ஸ்லாட்ஸ் யூஸ்டு: நாலில் ஒன்று. ஹார்டுவேர் ரிசர்வ்டு: ஏறக்குறைய 3 ஜிபி. கமிட்டட் என்ற இடத்தில் இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நின்றன. நோய் இந்த நாலு வரியிலேயே தெரிந்துவிட்டது. ரேம் பெட்டியின் மேல் 3200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது வேறு விஷயம்.

பணம் செலவில்லாத இடத்திலிருந்து ஆரம்பித்தேன், அதாவது விண்டோஸிலிருந்து.

கமிட்டட் என்ற கணக்கு பலருக்குப் பிடிபடுவதில்லை. ஒரு மென்பொருள் விண்டோஸிடம் எனக்கு 2 ஜிபி வேண்டும் என்று கேட்டால், அது உடனே 2 ஜிபியையும் தொட்டு எழுதிவிடாது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். ஆள் இன்னும் உட்காரவில்லை, ஆனால் சீட்டு போய்விட்டது. இப்படிப் பிடித்து வைத்த இடமெல்லாம் சேர்த்து, ரேமும் பேஜ்ஃபைலும் (ரேம் போதாதபோது விண்டோஸ் எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளும் கோப்பு) கூடிய மொத்த அளவைத் தாண்ட விண்டோஸ் விடாது. அந்த எல்லையை முட்டினால், ரேமில் காலி இடம் தெரிந்தாலும் மென்பொருளுக்கு மெமரி இல்லை என்று கைவிரித்துவிடும். பல மென்பொருள்கள் அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் அப்படியே விழுந்துவிடும். எக்ஸ்போர்ட் நடுவில் மூடிக்கொண்டது இப்படித்தான்.

வர்ச்சுவல் மெமரி பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால், பேஜ்ஃபைல் இல்லை என்ற வட்டம் தேர்வாகியிருந்தது. "இதை யாருடா நிறுத்தினது?" என்று கேட்டேன். "எஸ்எஸ்டி தேயாம இருக்கும், ஸ்பீடும் ஏறும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க மாமா." 32 ஜிபி ரேம் வைத்திருப்பவன் நிறுத்தினால் ஒன்றும் தெரியாமல் போகலாம். 8 ஜிபிக்காரன் நிறுத்தினால் தொங்குவதற்கு இருந்த ஒரே கயிறும் போச்சு. சிஸ்டம் மேனேஜ்டு என்று மாற்றினேன். 'ரேமின் ஒன்றரை மடங்கு வை' என்று ஒரு பழைய வாய்ப்பாடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரேம் 128 எம்பி, 256 எம்பி என்று இருந்த காலத்துப் பேச்சு அது. இப்போது விண்டோஸே தேவைக்கேற்பப் பெரிதாக்கிக்கொள்ளும். நாம் எண் போட்டுக் கட்டி வைக்கத் தேவையில்லை. இன்னொன்று: நீலத்திரை வந்தால் காரணத்தை எழுதி வைக்கவும் விண்டோஸுக்குப் பேஜ்ஃபைல் வேண்டும். அது இல்லாத கணினியில் பழுது பார்ப்பது இருட்டில் தேடுவதுதான்.

அதே வீடியோ புண்ணியத்தில் இன்னொரு வேலையும் நடந்திருந்தது. எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங் கருவியில், பூட் பக்கத்தில், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் மெமரி' என்று ஒரு பெட்டி உண்டு. அதில் டிக் அடித்து 8192 என்று எழுதி வைத்திருந்தான். 8 ஜிபியையும் முழுசாகப் பயன்படுத்து என்று சொல்வதாக நினைப்பு. உண்மையில் அந்தப் பெட்டி மெமரியைக் குறைத்துச் சோதிப்பதற்காக வைத்தது. அதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் 4 ஜிபி முகவரிக்குள் ஒரு பகுதியை மதர்போர்டு தன் கருவிகளுக்காக எடுத்துக்கொள்ளும். அங்கே இடமிழந்த ரேம் மேலே தள்ளி வைக்கப்படும். ஆக, 8 ஜிபி ரேமின் வால் பகுதி 8192-ஐத் தாண்டிய முகவரியில்தான் இருக்கும். 8192-உடன் நிறுத்து என்றால் அந்த வால் வெட்டுப்பட்டுவிடும். டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் ஹார்டுவேர் ரிசர்வ்டு 2 ஜிபி பக்கம் இறங்கியது.

டாஸ்க்பார் ஓரத்தில் ரேமைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்றும் உட்கார்ந்திருந்தது. அதை அன்இன்ஸ்டால் செய்தேன். விண்டோஸ் காலியாக இருக்கும் ரேமில் முன்பு படித்த கோப்புகளைப் பிடித்து வைத்திருக்கும்; யாராவது கேட்டால் அந்த நொடியே விட்டுக் கொடுத்துவிடும். சுத்தம் செய்கிறேன் என்று வருபவை அதையும், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களின் பக்கங்களையும் வெளியே தள்ளும். எண் குறைந்ததும் பார்ப்பவருக்குத் திருப்தி. அடுத்த நொடி அதையெல்லாம் எஸ்எஸ்டியிலிருந்து திரும்ப இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

சரி, மீதி 2 ஜிபி எங்கே போனது? அது பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் சொந்த செட்டிங்கில். டெலிட் கீயைத் தட்டி உள்ளே போனால், யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ் என்ற இடத்தில் 2 ஜிபி என்று வைத்திருந்தார்கள். கிராஃபிக்ஸுக்கென்று ஒதுக்கி, விண்டோஸ் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும் பங்கு அது. 8 ஜிபியில் 2 போனால் மிச்சம் 6. அதில் விண்டோஸ், குரோம், எடிட்டிங் எல்லாம் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. இதை 512 எம்பியாகக் குறைத்தேன். கிராஃபிக்ஸ் பட்டினி கிடக்குமோ என்ற பயம் வேண்டாம். ஒதுக்கியது போதாவிட்டால் பொது ரேமிலிருந்து, அதிகபட்சம் பாதி வரைக்கும், விண்டோஸ் கடன் கொடுக்கும். டாஸ்க் மேனேஜரில் ஷேர்டு ஜிபியு மெமரி என்று வருவது அதுதான். ஒதுக்கிய மெமரியும் கடன் வாங்கிய மெமரியும் ஒரே ஸ்டிக்கில்தான் இருக்கின்றன என்பதால் வேகத்தில் பெரிய வித்தியாசம் வராது. சில கேம்கள் மட்டும் ஒதுக்கிய அளவைப் பார்த்துவிட்டு, இது போதாது என்று செட்டிங்கைத் திறக்க விடாமல் அடம்பிடிக்கும். அவற்றுக்காகத்தான் 1 ஜிபி, 2 ஜிபி எல்லாம். ரேம் நிறைய இருந்தால் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இதுவரை செய்ததிலேயே மூடிக்கொள்ளும் தொல்லை நின்றுவிட்டது. திணறல் மட்டும் அப்படியே இருந்தது.

இனி வேகம். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். மெமரி பக்கத்தில் சேனல்: சிங்கிள், அதாவது ரேமுக்கும் புராசசருக்கும் நடுவில் ஒரே பாதை. டிராம் ஃப்ரீக்வன்ஸி: 1066. இதைப் பார்த்து பையன் முகம் வாடிப்போனது; 2133-ம் இல்லையா, அதிலும் பாதிதானா என்று. டிடிஆர் மெமரி ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும். 1066 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு என்றால் விநாடிக்கு 2133 மில்லியன் பரிமாற்றம். கடைக்காரர் சொல்வது இரண்டாவது எண், சிபியு-இசட் காட்டுவது முதல் எண். இதில் யாரும் ஏமாற்றவில்லை.

ஏமாற்றம் வேறு இடத்தில். எஸ்பிடி பக்கத்தைத் திறந்தால் அந்த ஸ்டிக் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் அட்டவணை தெரியும். ரேம் ஸ்டிக் ஒவ்வொன்றிலும் இதற்கென்றே ஒரு குட்டி சிப் உண்டு. அதில் 2133 வரைக்கும் ஜெடெக் கணக்குகள், கடைசிக் கட்டத்தில் தனியாக எக்ஸ்எம்பி, அதாவது ஸ்டிக்கைத் தயாரித்தவர் எழுதி வைத்த வேகக் கணக்கு: 3200, டைமிங் (எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்ற எண்கள்) 16-18-18-38, 1.35 வோல்ட். ஜெடெக் என்பது மெமரி தரத்தை வகுக்கும் அமைப்பு. டிடிஆர்4-க்கு அது சொல்லும் மின்னழுத்தம் 1.2 வோல்ட். மதர்போர்டு யாரையும் கேட்காமல் அந்தப் பாதுகாப்பான கணக்கைத்தான் எடுத்துக்கொள்ளும். 1.35 வோல்ட் கொடுத்து வேகமாக ஓட்டு என்று ஒருவர் பயாஸில் போய்ச் சொல்ல வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், மேலே தகடு, விளக்கு ஒன்றும் இல்லாமல் மொட்டையாக வரும் மலிவு 3200 ஸ்டிக்குகள் பல ஜெடெக் கணக்கிலேயே 3200 என்று எழுதி வைத்திருக்கும். செருகியதும் 3200-இல் ஓடும், 22 என்ற மெதுவான டைமிங்கோடு. பளபளவென்று சிறகு வைத்த ஸ்டிக்குக்குக் காசு அதிகம் கொடுத்தவர்தான் 2133-இல் மாட்டிக்கொள்வார். அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் விண்டோஸ் வந்ததும் பெட்டியை மூடிவிட்டார்கள்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சேனல் ஒரு பரிமாற்றத்தில் 8 பைட் தூக்கும். 2133-ஐ 8-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 17 ஜிபி. அதே 3200 என்றால் 25.6 ஜிபி. இரண்டு சேனல் என்றால் 51.2 ஜிபி. இப்போது இருப்பதற்கும் இந்த மதர்போர்டுப் பலகையில் சுலபமாகக் கிடைக்கக்கூடியதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம். 6 கோரும் கிராஃபிக்ஸும் சேர்ந்து ஒரே 17 ஜிபிக்கு அடித்துக்கொண்டிருக்கின்றன. "அப்போ கார்டு வேண்டாமா மாமா?" "இன்னொரு ரேம் வாங்குவோம். அப்புறம் பேசுவோம்."

ரிச்சி தெருவில் தேடி அதே பார்ட் நம்பர் உள்ள 8 ஜிபி ஸ்டிக்கை வாங்கினோம். ஒரே கம்பெனி, ஒரே அளவு என்பது போதாது. பார்ட் நம்பர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் காலத்துக்குக் காலம் மாறும். இரண்டும் ஒட்டாமல் போகலாம் என்பதால், திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டோம். புதிதாக வாங்குபவர்கள் ஒரே அட்டையில் இரண்டாக வரும் ஜோடியை வாங்கிவிடுவது நல்லது. ஒன்றை வாங்கிவிட்டு அடுத்ததை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது வயிற்றெரிச்சலில் முடியும்.

கேபினட்டைத் திறந்தால் தூசி. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிட்டு, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் புளோயர் அடித்தோம். ஃபேனைச் சும்மா சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன்னால் கேபினட்டின் பெயின்ட் படாத இரும்பைத் தொட்டுக்கொண்டேன். பழைய ஸ்டிக்கின் தங்கப் பற்கள் மங்கியிருந்தன. பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ரப்பர் துகள் ஒட்டாமல் உலர்ந்த துணியால் துடைத்தேன். நம் ஊர் மெக்கானிக்குகள் எதற்கெடுத்தாலும் ரப்பரை எடுப்பார்கள். ரேம் விஷயத்தில் பாதி நேரம் அதுவே போதும்.

பழைய ஸ்டிக் புராசசருக்கு ஒட்டிய முதல் ஸ்லாட்டில் இருந்தது. அங்கே வைத்தால் ஓடாது என்று இல்லை. ஆனால் இந்த மாதிரிப் பலகைகளில் ஒரு சேனலின் கம்பிகள் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் போய் முடிகின்றன. முதலில் மட்டும் ஸ்டிக்கை வைத்தால் அதற்கு அப்பால் ஒன்றும் இல்லாத வால் ஒன்று தொங்கும். சிக்னல் அந்த நுனியில் மோதித் திரும்பி வந்து குழப்பும். 2133-இல் அது தெரியாது. 3200-க்கு மேல் போகும்போது தெரியும். ஆகவே புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். இரண்டும் வேறு வேறு சேனல். பலகையின் கையேட்டிலும் அதுதான் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் சமமாகக் கட்டை விரலால் அழுத்தி, கிளிப் 'டக்' என்று விழும் வரை விடக் கூடாது. சில பலகைகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும். மறுபக்கம் சரியாக இறங்கியதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருந்தது. பையன் பதறிவிட்டான். ரேம் மாறினால் மதர்போர்டு ஒவ்வொரு கம்பிக்கும் நேரக் கணக்கை உரசிப் பார்த்துச் சரிசெய்யும். அது முடியும்வரை திரை வராது. ஒரு நிமிடம் வரைக்கும்கூடப் போகலாம். அந்த நேரத்தில் பொறுமை இழந்து பட்டனை அழுத்தி அணைப்பவர்கள்தான் 'ரேம் போச்சு' என்று கடைக்கு ஓடுவார்கள்.

பயாஸில் எக்ஸ்எம்பியைத் தேடினால் சில பலகைகளில் ஏ-எக்ஸ்எம்பி என்றும் சிலவற்றில் டிஓசிபி என்றும் இருக்கும். டிடிஆர்5 பலகையில் ஏஎம்டி வைத்த பெயர் எக்ஸ்போ. எல்லாம் ஒரே வேலைதான். புரொஃபைல் 1 என்று தேர்ந்தெடுத்தேன். வேகம் 3200, டைமிங் 16-18-18-38, வோல்ட் 1.35 என்று தானாக நிரம்பியது. சேமிப்பதற்கு முன்னால் எஃப்சிஎல்கே 1600 என்று வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். ரைசனில் கோர்களையும் மெமரியையும் இணைக்கும் உள் தடத்தின் துடிப்பு அது. மெமரித் துடிப்பும் அதுவும் ஒரே எண்ணில் இருந்தால்தான் இடையில் காத்திருப்பு இல்லை.

விண்டோஸ் வந்தது. சேனல்: டூயல். ஸ்பீடு: 3200. அய்டா64-இன் மெமரி அளவீட்டில் படிக்கும் வேகம், முன்பு 16 ஜிபியை எட்டத் திணறியது, இப்போது 47-ஐத் தொட்டது. தாமதம் 90 நானோ விநாடியை ஒட்டி இருந்தது, 65 பக்கம் வந்தது. பையனுக்கு இந்த எண்களில் அக்கறை இல்லை. ஜிடிஏ 5-ஐ அதே செட்டிங்கில் திறந்தான். முன்பு 30-க்கு மேலும் கீழுமாகத் தள்ளாடிய பிரேம் கணக்கு 60-ஐ ஒட்டி நின்றது. அப்புறம்தான் எடிட்டிங்கைத் திறந்தான். நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் முதலில் திறந்திருக்க வேண்டும். டைம்லைனில் இழுத்த இடத்தில் படம் உடனே வந்தது. 16 ஜிபி ஆனதால் யுஎம்ஏவை மறுபடி 2 ஜிபிக்கு ஏற்றிக் கொடுத்தேன், கேம் கேட்கிறது என்பதற்காக.

வேலை இதோடு முடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் எனக்குக் கை சும்மா இருக்காது. 3600 வைத்தால் என்ன?

5600ஜி-யின் மெமரி கன்ட்ரோலர் 3600-ஐத் தாங்கக்கூடியது. ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது 3200 வரைதான். ஸ்டிக்கும் 3200-க்கு விற்கப்பட்டதுதான். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் அதிர்ஷ்டம். இங்கே ஒரு கணக்கு முக்கியம். சிஎல் என்பது டைமிங்கில் முதல் எண்; சிஎல் 16 என்றால் கேட்ட தரவு வர 16 துடிப்பு. 3200-இல் ஒரு துடிப்பு 0.625 நானோ விநாடி. ஆக 10 நானோ விநாடி. 3600-இல் சிஎல் 18 வைத்தாலும் அதே 10. அதனால் 18 என்பது 16-ஐவிட மட்டம் என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. தாமதம் சமம், அகலம் (விநாடிக்குத் தூக்கும் அளவு) மட்டும் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. கிராஃபிக்ஸுக்கு அகலம்தான் வேண்டும். 18-22-22-42 என்று தளர்த்தி, எஃப்சிஎல்கே 1800 வைத்து, ரேம் வோல்ட்டை 1.35-இலேயே விட்டுச் சேமித்தேன். விண்டோஸ் வந்தது. கேம் ஓடியது. நாலைந்து பிரேம் கூடவும் கிடைத்தது.

பையன் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றான். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாகப் போனது. பிறகு சிவப்பு வரிகள். ஒரே முகவரிக்குப் பக்கத்தில் பக்கத்தில், எழுதியது ஒன்று படித்தது ஒன்று, வித்தியாசம் ஒரே ஒரு பிட். மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டை 1.1-க்கு ஏற்றிப் பார்த்தேன்; சிவப்பு தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. அதற்கு மேல் ஏற்ற மனம் வரவில்லை.

இந்த ஒரு பிட் சமாச்சாரத்தைப் பலர் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்பார்கள். ஹேங் ஆவது நல்ல விஷயம், அப்போதாவது தெரியும். வீட்டுக் கணினி ரேமில் பிழை திருத்தும் இசிசி வசதி இருப்பதில்லை. கேமரா கார்டிலிருந்து ஹார்டு டிஸ்குக்குக் காப்பி எடுக்கும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. நடுவில் ஒரு பிட் புரண்டால் காப்பி வெற்றிகரமாக முடிந்தது என்றுதான் விண்டோஸ் சொல்லும். கார்டை ஃபார்மட் செய்துவிட்டு வந்து பார்த்தால் தாலி கட்டும் இடத்தில் வீடியோ கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். கேம் மட்டும் விளையாடுபவன் 3600-க்கு ஆசைப்படட்டும். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு நாலைந்து பிரேம் எதற்கு? 3200-க்கே திரும்பினேன்.

திரும்பிய இடத்தில் டைமிங்கைக் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தேன். சிஎல் 15 என்று போட்டால் விண்டோஸில் 16 என்றே காட்டுகிறது. காரணம் கியர் டவுன் மோடு. அது இருந்தால் ஒற்றைப்படை எண்ணை மேலே இரட்டைப்படைக்குத் தள்ளிவிடும். அதை அணைத்து, கமாண்ட் ரேட்டை (கட்டளை அனுப்பும் இடைவெளி) 1டி, அதாவது ஒரு துடிப்பு என்று வைத்ததும் கணினி எழுந்திருக்கவில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை இல்லை, அணைகிறது, மறுபடி சுற்றுகிறது. இந்த மாதிரிப் பலகைகள் சில முறை முயன்றுவிட்டுத் தானே பழைய கணக்குக்கு வந்துவிடும். வராவிட்டால் பவரைப் பிடுங்கிவிட்டு, கிளியர் சிமோஸ் என்று எழுதிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சில நொடி தொட்டுவிட வேண்டும், அல்லது வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மாட்ட வேண்டும். இந்த முறை அது தானாகவே வந்தது.

அடுத்தது டிஆர்எஃப்சி. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கியில் உட்கார்ந்திருக்கிறது. அது கசியும். அதனால் 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை ரெஃப்ரெஷ் கட்டளை போகும். அது நடக்கும் நேரத்தில் மெமரி வேறு வேலை செய்யாது. அந்த நேரம்தான் டிஆர்எஃப்சி. எக்ஸ்எம்பி 560 துடிப்பு என்று வைத்திருந்தது, அதாவது 350 நானோ விநாடி. மொத்த நேரத்தில் நாலரை சதவீதம் இதற்கே போகிறது. 480 வைத்தால் 300 நானோ விநாடி. நாலு சதவீதத்துக்குக் கீழே வரும். மெம்டெஸ்ட்டில் சிவப்பு இல்லை. கிடைத்த லாபம் கேமிலும் தெரியவில்லை, எடிட்டிங்கிலும் தெரியவில்லை, அய்டா64-இல் மட்டும் தெரிந்தது.

அதோடு இன்னொரு யோசனை. மின்தேக்கியின் கசிவு சூட்டில் கூடும். 85 டிகிரியைத் தாண்டினால் ரெஃப்ரெஷ்ஷை இரண்டு மடங்கு அடிக்கடி செய்ய வேண்டும் என்றே டிடிஆர்4 தரம் சொல்கிறது. ராத்திரி, கேபினட் கதவைத் திறந்து வைத்து, ஃபேனுக்குக் கீழே பாஸான கணக்கு, மே மாதம் மத்தியானம், ஏசி இல்லாத அவன் அறையில், எக்ஸ்போர்ட் ஓடும்போது பாஸாகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இணையத்தில் வரும் டைமிங் அட்டவணைகள் பெரும்பாலும் குளிர் தேசத்து அறைகளில் எடுத்தவை. அந்த எண்களை அப்படியே சென்னை வெயிலுக்குக் கொண்டு வரக் கூடாது. 560-க்கே விட்டேன். வெறும் எக்ஸ்எம்பி, அவ்வளவுதான்.

கடைசிச் சோதனையை மத்தியானத்தில், கதவை மூடி வைத்துச் செய்தேன். மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடிச் சிவப்பில்லாமல் முடிந்திருந்தது. ஆனால் அதில் கிராஃபிக்ஸ் சும்மா இருக்கும். இந்தப் புராசசரில் கிராஃபிக்ஸும் மெமரி கன்ட்ரோலரும் ஒரே எஸ்ஓசி மின்னழுத்தத்தைப் பகிர்ந்துகொள்பவை. இரண்டையும் சேர்த்து வேலை வாங்கினால்தான் உண்மை தெரியும். ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் மெமரிச் சோதனையையும் கிராஃபிக்ஸ் சுமையையும் ஒன்றாக ஓட்டினோம். அதன் பிறகு ஒரு பெரிய வீடியோ கோப்பை ஏழெட்டு இடத்துக்குக் காப்பி செய்து, 7-ஜிப்பில் ஒவ்வொன்றின் செக்சம்மையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட்டோம். எல்லாம் ஒன்றே.

வேகம், டைமிங், வோல்ட், யுஎம்ஏ அளவு எல்லாவற்றையும் ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். பயாஸ் அப்டேட் செய்தாலோ சிமோஸ் பேட்டரி தீர்ந்தாலோ எக்ஸ்எம்பி சத்தமில்லாமல் அணைந்துவிடும், கணினி மறுபடி 2133-இல் ஓட ஆரம்பிக்கும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். மாதம் ஒருமுறை டாஸ்க் மேனேஜரில் அந்த ஸ்பீடு வரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவன் கேள்வி வேறு: இன்னும் இரண்டு ஸ்லாட் காலியாக இருக்கிறதே, அதிலும் 8, 8 போட்டால் 32 ஆகிவிடுமே என்கிறான். நாலு ஸ்லாட்டும் நிரம்பினால் கன்ட்ரோலருக்குச் சுமை கூடும், 3200 நிற்காமல் இறக்க வேண்டி வரலாம், சோதனையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்கு இந்த ஜோடியை விற்றுவிட்டு 16 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.